மூணு கடையில பார்த்தும் காத்து நிக்கலையா? அலாய் வீல் டயரில் மெதுவாக இறங்கும் காற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரமாக டயர் வேலை பார்க்கிறவன் நான். காசிமேடு, தண்டையார்பேட்டை, எண்ணூர், மணலி வண்டிகள்தான் எங்களிடம் அதிகம் வரும். ஆணி குத்திய டயர் என்றால் சீக்கிரம் முடித்து அனுப்பிவிடலாம். "அண்ணே, மூணு கடையில காட்டிட்டேன், பஞ்சர் இல்லன்னு சொல்றாங்க, ஆனா காத்து மட்டும் நிக்கல" என்று வருகிறவர்களிடம்தான் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. அவர்களிடம் சொன்னதையே இங்கே எழுதியிருக்கிறேன். அலாய் ரிம்மும் டியூப்லெஸ் டயரும் உள்ள கார்களுக்கான பதில்கள் இவை.

ஒரு டயர்ல மட்டும் காத்து கம்மியாகுற மாதிரி இருக்கு. நிஜமாவே லீக்கா, இல்ல சாதாரணமா இறங்குறதுதானா?

நல்ல டயரிலும் ரப்பர் வழியாகவே மாதத்துக்கு 1 முதல் 2 பி.எஸ்.ஐ. (கேஜ் காட்டும் காற்றழுத்த அளவு) வரை காற்று வெளியேறும். அதற்கு மேல் இறங்கினால் கசிவு என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அளவெடுத்த விதம் சரிதானா என்று முதலில் பாருங்கள். மணலியிலிருந்து வெயிலில் ஓட்டி வந்து, பங்கில் 33 வைத்து நிரப்பிக்கொண்டு போவார்கள். ஓடிச் சூடான டயர் குளிர்ந்த நிலையைவிட 3, 4 பி.எஸ்.ஐ. கூடுதலாகவே காட்டும். மறுநாள் காலையில் 29 காட்டியதும் ராத்திரியோடு ராத்திரியாக 4 இறங்கிவிட்டது என்று பதறுவார்கள். அந்த டயரிலிருந்து காற்று எங்கேயும் போயிருக்காது. வெப்பநிலை 5, 6 டிகிரி செல்சியஸ் குறைந்தாலே சுமார் 1 பி.எஸ்.ஐ. குறையும். மே மாதப் பகலில் நிரப்பியதை மார்கழி விடியற்காலையில் அளந்தால் எண் குறைவாகத்தான் வரும்.

சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால், அதே கேஜில், நான்கு டயரையும் அளந்து எழுதி வையுங்கள். ஒரு வாரம் செய்தால் போதும். நான்கும் சேர்ந்தாற்போல இறங்கினால் பருவநிலை காரணம், அல்லது கேஜ் சரியில்லை. மூன்று அப்படியே நின்று ஒன்று மட்டும் இறங்கினால் அந்தச் சக்கரத்தில் கசிவு இருக்கிறது. அந்தத் தாளைக் கடைக்கும் கொண்டு வாருங்கள். "அடிக்கடி இறங்குது" என்பதைவிட "6 நாள்ல 3 இறங்கியிருக்கு" என்பது வேலை செய்பவருக்கு எவ்வளவோ உதவும்.

இறங்குற வேகத்தை வச்சே காரணத்தைச் சொல்ல முடியுமா?

ஓரளவு ஊகிக்கலாம். ஒரே இரவில் 10 இறங்கினால் ஆணியோ, வெடித்த வால்வோ இருக்க வாய்ப்பு அதிகம். வாரத்துக்கு 2, 3 என்று நிதானமாக இறங்கினால் டயரின் பீடும் (ரிம்மில் உட்காரும் தடித்த விளிம்பு) ரிம்மும் சேரும் இடத்தையும், டயருக்குள் ஒளிந்திருக்கும் மெல்லிய கம்பியையும் சந்தேகப்பட வேண்டும். சில நாள் இறங்கி, சில நாள் இறங்காமல் இருந்தால் ரிம்மில் மயிரிழை வெடிப்பு இருக்கலாம். அந்த வெடிப்பு தரையை அழுத்தும் பக்கமாக வண்டி நின்ற இரவில் மட்டும் திறந்துகொள்ளும். கண்ணால் பார்க்காமல் எதையும் முடிவு செய்துவிடாதீர்கள்.

வீட்டு வாசல்லயே கண்டுபிடிக்க வழி இருக்கா?

இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் லிக்விடைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். டயரில் காற்று குறைவாக இருந்தால் கசிவு தெரியாது. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவைவிடக் கொஞ்சம் கூட்டி, டயர் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல் நிரப்பிவிட்டு ஆரம்பியுங்கள். சோதனை முடிந்ததும் மறக்காமல் பழைய அளவுக்கு இறக்கிவிடுங்கள்.

முதலில் வால்வு. மூடியைக் கழற்றி வாயில் ஒரு சொட்டு விடுங்கள். குமிழ் உப்பி வந்தால் உள்ளே இருக்கும் பின் தளர்ந்திருக்கிறது அல்லது அழுக்குப் பிடித்திருக்கிறது. அடுத்து வால்வின் அடிப்பகுதி. அங்கே தெளித்துவிட்டு வால்வை விரலால் நான்கு பக்கமும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். நேராக நிற்கும்போது ஒன்றும் தெரியாது. வளைத்ததும் ரப்பர் வெடிப்பு வாய் திறந்து நுரை கிளம்பும். பிறகு தரையில் படும் பட்டை முழுவதும். வண்டியை அரை அடி அரை அடியாக நகர்த்திச் சுற்று முழுக்கப் பார்க்க வேண்டும். கடைசியாக, ரிம் விளிம்பும் டயரும் சேரும் கோடு.

தெளித்தவுடன் தெரிகிற நுரையை நம்பாதீர்கள், அது தெளித்ததால் வந்த நுரை. ஐந்து நிமிடம் கழித்து வந்து பாருங்கள். மற்ற இடமெல்லாம் அடங்கியிருக்க, ஒரே இடத்தில் மட்டும் தயிர் கடைந்தாற்போல வெள்ளையாகக் கூடியிருந்தால் அதுதான் இடம்.

ஒரு குறை உண்டு. வண்டியில் மாட்டியிருக்கும்போது சக்கரத்தின் உள்பக்கம் சரியாகத் தெரியாது. எங்கள் பகுதியில் கசிவு அதிகம் இருப்பதே அந்த உள்பக்கத்தில்தான். வெளியே ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஜாக்கியில் தூக்கிய வண்டிக்குக் கீழே தலையை மட்டும் நீட்டாதீர்கள்.

தொட்டித் தண்ணியில முக்கிப் பார்த்தாங்க, ஒண்ணும் வரலைன்னு சொல்லிட்டாங்க. அப்ப லீக் இல்லைன்னுதானே அர்த்தம்?

இல்லை. எத்தனை நேரம் முக்கினார்கள் என்று கேளுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சின்னக் கார் டயருக்குள் சுமார் 30 லிட்டர் இடம் இருக்கிறது. வாரத்துக்கு 2 பி.எஸ்.ஐ. இறங்குகிறது என்றால், ஒரு வாரத்தில் வெளியே போகும் காற்று ஏறத்தாழ 4 லிட்டர். நிமிடத்துக்கு அரை மில்லி லிட்டர்கூட வராது. 5 மில்லிமீட்டர் அகலமுள்ள குமிழாக அது வெளியேறினால் பத்து விநாடிக்கு ஒரு குமிழ் வரும், அவ்வளவுதான். கசிவு இரண்டு மூன்று இடங்களில் பிரிந்திருந்தால் ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடத்துக்கு ஒன்று. சக்கரத்தைத் தொட்டியில் போட்டு இரண்டு சுற்று உருட்டிவிட்டு எடுத்தால் அது எப்படிக் கண்ணில் படும்?

நாங்கள் செய்வது இது. தொட்டியில் ஒரு நேரத்தில் சக்கரத்தின் ஒரு பகுதிதான் மூழ்கும். மூழ்கியதும் ரிம் விளிம்பில் ஒட்டியிருக்கும் வெளிக்காற்றுக் குமிழ்களைக் கையால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவையே ஏமாற்றிவிடும். பிறகு கையை எடுத்துவிட்டு, தண்ணீர் அசையாமல் இரண்டு மூன்று நிமிடம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். துடைத்த இடத்திலேயே கடுகளவு ஒரு குமிழ் முளைத்து, பெருத்து, பிடி விட்டு மேலே வரும். அதே இடத்தில் இன்னொன்று முளைக்கும். அப்போது சாக்பீஸால் குறி. பிறகு கால் சுற்று திருப்பி மறுபடியும். ஒரு சக்கரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். கூட்டம் இருக்கும் நேரத்தில் எந்தக் கடையிலும் இதைச் செய்ய மாட்டார்கள். அதனால் மதிய நேரமாகப் பார்த்துப் போங்கள், "அவசரமில்லண்ணே, நின்னு பாருங்க" என்று சொல்லுங்கள்.

இரும்பு ரிம்ல இருந்தப்ப இந்தத் தொல்லை இல்லையே. அலாய் போட்டதும் ஏன்?

இரும்பும் துருப்பிடிக்கும், அதிலும் இதே கசிவு வரும். அலாயில் அரிப்பு நடக்கும் விதம் வேறு. அலாய் ரிம் என்பது அலுமினியக் கலவை. அதன் மேலிருக்கும் பெயின்ட்டும் லேக்கரும் இருக்கும் வரை பத்திரம். ஒரு கீறல் விழுந்து அதற்குள் உப்பு ஈரம் போய்விட்டால், பெயின்ட்டுக்கு அடியிலேயே அரிப்பு ஊர்ந்துகொண்டு போகும். அலுமினியம் அரித்தால் வரும் வெள்ளைத் தூளுக்கு இடம் அதிகம் வேண்டும். அது பெயின்ட்டைத் தூக்கிவிடும், டயரின் பீடையும் உட்கார்ந்த இடத்திலிருந்து நூலளவு தள்ளிவிடும். காற்றுக்கு அந்த நூலளவு போதும்.

நம் பகுதியில் உப்புக்குக் குறைவே இல்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டியே சாலை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கிளம்பும் வண்டிகள் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீரைச் சொட்டிக்கொண்டே போகும். பின்னால் போகிற கார் அதை அப்படியே உள்பக்க ரிம்மில் வாரி அடித்துக்கொள்ளும். வெளிப்பக்கத்தைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கிறவர்கள்கூட உள்பக்கத்தைக் கழுவுவதில்லை.

கீறல் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். டயர் மாற்றும்போது கடப்பாரை பட்டிருக்கும். பேலன்சிங்கில் விளிம்பில் தட்டி மாட்டும் கிளிப் வெயிட் பெயின்ட்டை உடைத்திருக்கும். அந்த வெயிட்டின் இரும்போ ஈயமோ அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் நனைந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும். அலாய் ரிம்முக்கு உள்ளே ஒட்டும் ஸ்டிக்கர் வெயிட்டைத்தான் கேட்டு வாங்குங்கள்.

காசிமேட்டில் டாக்சி ஓட்டும் தம்பி ஒருவர் ஒன்றரை மாதமாக வாரம் இரண்டு முறை காற்று அடித்துக்கொண்டிருந்தார். டயரை மாற்றிவிடலாம் என்று வேறிடத்தில் சொல்லியிருக்கிறார்கள். கழற்றிப் பார்த்தோம். டயரில் ஒரு குறையும் இல்லை. ரிம்மின் உள்பக்கத்தில், பீடு உட்காரும் பாதையில், நான்கு விரல் அகலத்துக்குப் பெயின்ட் அப்பளம் போலப் பொரிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் விபூதி மாதிரி வெள்ளைத் தூள் உதிர்ந்தது. டயர் வாங்கப் பணம் புரட்டிக்கொண்டிருந்தவர் அவர். அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: ரிம்மின் உள்பக்கத்தைப் பார்க்காமல் யார் சொன்னாலும் டயரை மாற்றாதீர்கள்.

பீடு லீக்கை எப்படிச் சரி பண்ணணும்? நான் பக்கத்துல நின்னு என்ன பார்க்கணும்?

டயரைக் கழற்றும் முன்பே, வால்வு இருக்கும் இடத்துக்கு நேராக டயரில் ஒரு குறி, குமிழ் வந்த இடத்தில் ஒரு குறி. இது இல்லாமல் கழற்றிவிட்டால், கசிவு ரிம்மில் இருந்ததா டயரின் பீடில் இருந்ததா என்று பிறகு பொருத்திப் பார்க்க முடியாது.

கழற்றியதும் பீடு உட்காரும் பாதையை மெல்லிய கம்பி பிரஷ்ஷாலோ எமரித் தாளாலோ சுற்று முழுக்கத் தேய்க்க வேண்டும். கசிந்த இடத்தை மட்டும் தேய்த்தால் பக்கத்து இடம் அடுத்த மாதம் கசியும். கிரைண்டரை வைத்தால் தடுத்து நிறுத்துங்கள், அது அலுமினியத்தைத் தோண்டிவிடும். விரலை ஓட்டினால் வழுவழுவென்று இருக்க வேண்டும். டயரின் பீடிலும் பழைய ரப்பர், தூள், காய்ந்த சோப்பு ஒட்டியிருக்கும், அதையும் துடைக்க வேண்டும். பிறகு பீடு சீலரை மெல்லிய பூச்சாகத் தடவலாம். குழியை அடைக்கிற மாவு என்று நினைத்து அப்பக் கூடாது. மாட்டும்போது டயர் பேஸ்ட் பயன்படுத்த வேண்டும். கிரீஸும் டீசலும் ரப்பரைக் கெடுக்கும்.

காற்று ஏற்றும்போது இரண்டு பக்கமும் 'டப்' என்று உட்காரும் சத்தம் கேட்கும். 40 பி.எஸ்.ஐ. வரை ஏற்றியும் உட்காராவிட்டால் மேலே ஏற்றாமல் இறக்கிவிட்டு மறுபடி பேஸ்ட் தடவ வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் குனிந்து நிற்காதீர்கள். உட்கார்ந்த பிறகு மறுபடியும் தொட்டி, பிறகு பேலன்சிங்.

அரிப்பு ஆழக் குழியாக விழுந்திருந்தால் இதெல்லாம் சில மாதமே தாங்கும். ரிம்மை முழுதாக உரித்துப் பூசும் இடத்துக்கு அனுப்புங்கள். அவர்களிடமும் பீடு பாதையில் தடிமனாகப் பூச வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள், தடித்த பூச்சு உரிந்து அதுவே கசிவாகிவிடும்.

வால்வை எப்ப மாத்தணும்?

ஒவ்வொரு முறை புது டயர் போடும்போதும். ரப்பர் வால்வு மிக மலிவான பொருள், அதை மிச்சம் பிடிக்க வேண்டாம். வால்வுக்குள் இருக்கும் பின் மட்டும் கசிந்தால் டயரைக் கழற்றாமலே அதை மாற்றலாம். மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள், மணலும் உப்பும் பின்னுக்குள் இறங்கிவிடும்.

என் வண்டியில பிரஷர் சென்சார் இருக்கு. அதுலயும் இதே மாதிரிதானா?

சக்கரத்துக்குள் சென்சார் இருக்கும் வண்டிகளில் பலவற்றுக்கு வால்வே அலுமினியத்தில் இருக்கும். அதற்குள் நிக்கல் பூசிய பின்னைத்தான் போட வேண்டும். சாதாரணப் பித்தளைப் பின்னைப் போட்டால் இரண்டு உலோகமும் உப்புக் காற்றில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, பின்னைக் கழற்றவே முடியாமல் போகும். உலோக மூடியும் அப்படித்தான் இறுகிவிடும், பிளாஸ்டிக் மூடி போதும். சென்சாரைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் வயதானால் கசியும். அது தனியாகக் கிடைக்கிறது, சென்சாரையே மாற்றத் தேவையில்லை. விளக்கு எரியும்வரை காத்திருக்காதீர்கள். அளவு கணிசமாகக் குறைந்த பிறகுதான் அது எரியும்.

ஆணி எதுவும் இல்ல, ரிம்மும் நல்லா இருக்கு. ஆனாலும் இறங்குது.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் டயர் வெடித்துச் சிதறிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் துண்டுகளில் தலைமுடி தடிமனுக்கு எஃகுக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். உங்கள் டயரில் அது ஏறினால் வெளியே தலைகூடத் தெரியாது. டயரைக் கழற்றி, உள்சுவரில் பஞ்சையோ பழைய பனியன் துணியையோ மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கம்பி முனை இருந்தால் நூல் மாட்டிக்கொள்ளும். வெறுங்கையை ஓட்ட வேண்டாம், விரலைக் கிழித்துவிடும்.

ஓட்டை தரையில் படும் பட்டையில், 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சரி செய்யலாம். வெளியிலிருந்து திணிக்கும் திரியைவிட, உள்ளிருந்து காளான் வடிவில் போடும் பேட்ச் நீண்ட நாள் நிற்கும். பக்கவாட்டிலோ, பட்டையும் பக்கவாட்டும் சேரும் தோள்பட்டையிலோ ஓட்டை என்றால் அந்த டயரை விட்டுவிடுங்கள்.

பள்ளத்துல இறங்கி ரிம் வளைஞ்சிடுச்சு. வெல்டிங் வைக்கலாமா?

லேசான வளைவை நிமிர்த்தலாம். வெடிப்பு விழுந்திருந்தால் வெல்டிங் வேண்டாம் என்பேன். அலாய் ரிம்முக்குப் பலம் வருவது வார்த்த பிறகு கொடுக்கும் வெப்பப் பதத்தால். வெல்டிங் சூட்டில் அந்த இடத்தின் பதம் போய்விடும். காற்று நிற்கும், ஆனால் அடுத்த பள்ளத்தில் அந்த ரிம் எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. குழந்தைகள் உட்காரும் வண்டி, பழைய ரிம்மாவது தேடி வாங்கி மாட்டுங்கள்.

நைட்ரஜன் அடிச்சா நிக்குமா?

நிற்காது. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஓட்டை இருந்தால் அதுவும் அதே வழியில் போகும்.

உள்ளே டியூப் போட்டுக்கச் சொல்றாங்க.

வேண்டாம். டியூப்லெஸ் டயரின் உள்சுவர் டியூபுக்காகச் செய்ததில்லை. உரசலில் சூடேறி டியூப் கிழிந்தால் வேகத்தில் போகும்போது ஒரே அடியாகக் காற்று போய்விடும். மெதுவாக இறங்கிக்கொண்டிருந்ததைத் திடீரென்று வெடிப்பதாக மாற்றிக்கொள்வீர்கள்.

சீலன்ட் பாட்டில்?

ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம் அது. வழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர உதவும். பீடில் அரிப்பு இருந்தால் அதை அது குணமாக்காது. ஊற்றியிருந்தால் டயர் கழற்றுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சென்சார் இருந்தால் அதன் துளையை அடைத்துவிடவும் கூடும்.

வெள்ளத்துல வண்டி நின்னுச்சு. அதுக்கப்புறம்தான் இறங்குது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் கார்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. எண்ணூர்ப் பக்கம் வந்த வெள்ளத்தில் எண்ணெயும் கலந்திருந்தது. நிற்கும்போதே டயரில் காற்று குறைவாக இருந்தால் பீடு ரிம்மை விட்டு விலகி, அந்த இடுக்கில் சேறு போய் உட்கார்ந்துவிடும். நான்கையும் கழற்றிக் கழுவி மாட்டுவதுதான் வழி. எண்ணெய் பட்ட ரப்பர் உப்பி மென்மையாகும். பீடை அழுத்திப் பார்த்துப் பிசுபிசுப்பாக இருந்தால் அந்த டயரை நம்ப வேண்டாம்.

அதுவரைக்கும் அடிச்சு அடிச்சு ஓட்டலாமே?

இரண்டு மூன்று நாள் என்றால் சரி, தினமும் காலையில் அளந்துவிட்டு. மாதக்கணக்கில் வேண்டாம். 32 இருக்க வேண்டிய டயரை 22-இல் ஓட்டினால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடிந்து சூடாகும். அப்படி ஓடிய டயரைக் கழற்றினால் உள்ளே மிளகுப்பொடி போலக் கருப்புத் தூள் கொட்டும். அது பக்கச்சுவரின் உள்ரப்பர் தேய்ந்து உதிர்ந்தது. வெளியே பார்க்கப் புதிதாகவே இருக்கும், ஆனால் அதைத் திரும்ப மாட்ட எனக்கு மனம் வராது.

நாளைக்கு விடியற்காலை திருப்பதி கிளம்பணும். இன்னைக்கு ராத்திரிதான் 26-னு பார்த்தேன். என்ன பண்றது?

நிரப்பிவிட்டு, கிளம்பும் முன் அளந்து பாருங்கள். இரவில் 1-க்கு மேல் இறங்கியிருந்தால் அந்தச் சக்கரத்தில் போகாதீர்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று இன்று ராத்திரியே பாருங்கள், பலருக்கு அதுதான் முதலில் காலியாக இருக்கும். அளவில் சிறிய ஸ்டெப்னி என்றால் அதில் எழுதியிருக்கும் வேகத்துக்கு மேல் போகக் கூடாது, அதை வைத்து மலை ஏறவும் வேண்டாம். அப்படியானால் விடிந்ததும் டயரைக் காட்டிவிட்டு, பத்து மணிக்குக் கிளம்புங்கள்.